இடம் மாறுகிறவர்களின் உதவித்தொகை

பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை 1944-இல் தொடங்கியது. தலித் மாணவர்களின் உயர்கல்விக்காக ஒன்றிய அரசு நடத்தும் மிகப் பெரிய திட்டம் இதுதான். இதன் வழிகாட்டு நெறிமுறைகளில் நீண்ட காலமாக இரண்டு நிபந்தனைகள் இருந்து வருகின்றன. முதலாவது, ஸ்டிரைக்கில் ஈடுபடுவது போன்றவை ஒழுங்கீனம். கல்லூரி முதல்வர் அப்படி எழுதி அனுப்பினால் உதவித்தொகையை நிறுத்தி வைக்கலாம், ரத்தும் செய்யலாம். இரண்டாவது, மாநில அரசின் முன் அனுமதி இல்லாமல் பாடப்பிரிவையோ கல்லூரியையோ மாற்றினால் உதவித்தொகையை ரத்து செய்யலாம். ஏற்கெனவே கொடுத்த பணத்தையும் திரும்பக் கேட்கலாம்.

இதற்கு நேர் எதிரே இன்னொரு வகை உதவித்தொகை இருக்கிறது. உள்நாட்டுத் தனியார் பல்கலைக்கழகங்களும் வெளிநாட்டு அரசுகளும் அறக்கட்டளைகளும் 'தலைமைப் பண்பு' உள்ளவர்களைத் தேடிக் கொடுப்பது அது. பிரிட்டன் அரசு 1983 முதல் நடத்திவரும் செவனிங் உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பவர், தன் தலைமைத் திறனையும் செல்வாக்கையும் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும். நீங்கள் யாரை வழிநடத்தினீர்கள், எந்த மன்றத்தின் செயலாளராக இருந்தீர்கள், எந்த அணிக்குக் கேப்டனாக விளையாடினீர்கள் என்பது போன்ற கேள்விகள் இந்த வகை விண்ணப்பங்களில் வரும்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு படிவம் தலித் மாணவரிடம் சொல்கிறது: போராடாதே, இடம் மாறாதே, இருக்கிற இடத்தில் வாயை மூடிக்கொண்டு இரு. இன்னொரு படிவம் அவரிடமே கேட்கிறது: நீ எங்கே தலைமை தாங்கினாய்? முதல் படிவத்துக்குக் கீழ்ப்படிந்தவரிடம் இரண்டாவது படிவத்தில் எழுத ஒன்றும் இருக்காது. இரண்டாவது படிவத்தை நிரப்பத் தகுதியுள்ளவர் பெரும்பாலும் முதல் படிவத்தின் தண்டனையை வாங்கியவராக இருப்பார். கல்லூரி மாறி வந்த ஒரு தலித் மாணவர் இந்த இரண்டு படிவங்களுக்கும் நடுவில் சிக்கியிருக்கிறார். இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது.

கொங்கில் இடம் மாறுவது என்றால் என்ன?

கொங்கு நாட்டின் சாதி வரலாற்றை யார் நகரலாம், யார் நகரக் கூடாது என்பதன் வரலாறாகவே எழுதலாம். தோட்டத்துப் பண்ணையாளாக இருந்த அருந்ததியர் குடும்பம், முன்பணத்தால் கட்டப்பட்டு ஒரே காட்டில் தலைமுறைகளாகக் கிடந்தது. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' நாவலைப் படித்தவர்களுக்கு, பண்ணையத்தில் ஆடு மேய்க்க விடப்பட்ட சிறுவனுக்கு வேலியைத் தாண்டுவது எவ்வளவு பெரிய காரியம் என்பது தெரியும். பண்ணையம் சுருங்கி மில்கள் வந்த பிறகும் அந்தக் கணக்கு மாறவில்லை. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரங்களின் நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் தலித், நிலமற்ற குடும்பங்களின் இளம்பெண்கள் அடைக்கப்பட்டார்கள். மூன்று ஆண்டு முடித்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம். முடியும் முன்பே உடம்பு முடியாமல் வெளியே போனவர்களுக்கு அந்தத் தொகை கிடைக்காமல் போனதைப் பல ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன.

இப்போது உதவித்தொகை நிபந்தனையை மறுபடியும் படியுங்கள். அனுமதி இல்லாமல் போனால் பணம் இல்லை. வாங்கியதையும் திருப்பிக் கொடு. பண்ணையத்தில் முன்பணமும், மில்லில் மொத்தத் தொகையும் செய்த வேலையைக் கல்லூரியில் உதவித்தொகை செய்கிறது. நிபந்தனையை எழுதிய அதிகாரிக்கு அப்படி ஒரு நோக்கம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. நோக்கம் எதுவானாலும் விளைவு ஒன்றுதான்: கட்டிப் போடுவது.

ஒருவர் ஏன் கல்லூரி மாறுகிறார்? பணமுள்ள வீட்டுப் பையனுக்கு அது விருப்பம். பாடம் பிடிக்கவில்லை, இன்னும் நல்ல கல்லூரியில் இடம் கிடைத்தது, பெங்களூரில் அக்கா இருக்கிறார். நம் பிள்ளைகள் மாறும் காரணங்கள் வேறு. அப்பாவுக்குச் செங்கல் சூளையிலோ மில்லிலோ வேலை போய்க் குடும்பமே ஊர் மாறியிருக்கும். சேர்ந்த தனியார் பொறியியல் கல்லூரி மூடப்பட்டிருக்கும். தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் 500-க்கும் மேல் இருந்த பொறியியல் கல்லூரிகளின் எண்ணிக்கை கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வெகுவாகக் குறைந்திருக்கிறது. கல்லூரி மூடுவது முதலாளிக்குத் தொழில் நட்டம். முதல் தலைமுறை மாணவருக்கு அது வாழ்க்கை நட்டம். இன்னும் சிலர் விடுதியிலும் வகுப்பிலும் சாதி சொல்லிச் செய்யப்படும் சீண்டலைத் தாங்க முடியாமல் மாறுகிறார்கள்.

சிலருக்கு அது உயிர்ப் பிரச்சினை. ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் 2015 ஜூனில், கூடப் படித்த பெண்ணுடன் திருச்செங்கோட்டுக் கோயிலில் பேசிக்கொண்டிருந்ததற்காகக் கடத்திக் கொல்லப்பட்டார். பொள்ளாச்சியில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த உடுமலை சங்கர், கல்லூரியில் பழகிய கௌசல்யாவைத் திருமணம் செய்துகொண்டதற்காக 2016 மார்ச் 13 அன்று பட்டப்பகலில், உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையம் அருகே வெட்டிக் கொல்லப்பட்டார். இந்த மண்ணில் ஒரு தலித் இளைஞரின் வீட்டார் 'வேறு ஊர்க் கல்லூரிக்குப் போய்விடு' என்று சொன்னால், அந்தச் சொல்லுக்குள் என்ன பயம் இருக்கிறது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அப்படிப் போகிறவர் 'மாநில அரசின் முன் அனுமதி' வாங்கிவிட்டுத்தான் போக வேண்டுமா?

அம்பேத்கரும் இடம் மாறியவர்தான்

உதவித்தொகையில் படித்துக்கொண்டிருக்கும்போதே பல்கலைக்கழகம் மாறிய ஒரு மாணவரின் கதை நம் எல்லோருக்கும் தெரியும். அதை நாம் அந்தக் கோணத்தில் பார்ப்பதில்லை.

பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட்டின் உதவித்தொகை மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று ஆண்டுகளுக்கு. படித்து முடித்ததும் சமஸ்தானத்தில் பத்தாண்டு வேலை செய்வதாக ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு, 1913-இல் நியூயார்க் போய்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார் பீமராவ் ராம்ஜி அம்பேத்கர். 1915-இல் எம்.ஏ. முடித்தார். 1916-இல் அங்கிருந்து லண்டனுக்கு மாறினார். லண்டன் பொருளாதாரப் பள்ளியிலும், சட்டம் படிக்கக் கிரேஸ் இன்னிலும் சேர்ந்தார். படிப்பு சூடு பிடிக்கும் நேரத்தில் உதவித்தொகையின் காலம் முடிந்துவிட்டது என்று பரோடாவிலிருந்து சொல்லிவிட்டார்கள். 1917-இல் பாதியிலேயே ஊர் திரும்ப வேண்டி வந்தது. ஒப்பந்தப்படி பரோடாவில் வேலைக்குப் போனவருக்குத் தங்க ஒரு அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்தவர்களால் வெளியேற்றப்பட்டார்.

அந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கலாம். முடியாமல் இருந்ததற்குக் காரணங்கள் உண்டு. லண்டன் பல்கலைக்கழகம் அவருடைய இடத்தை ரத்து செய்யவில்லை. நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று அனுமதி கொடுத்தது. பம்பாய் சிடனம் கல்லூரியில் பேராசிரியராக வேலை பார்த்துச் சேர்த்த பணம், நண்பர் நாவல் பத்தேனாவிடம் வாங்கிய கடன், கோலாப்பூர் மன்னர் சாகுவின் உதவி ஆகியவற்றைக் கொண்டு 1920-இல் மறுபடியும் லண்டன் போனார். 1923-இல் டி.எஸ்சி. பட்டம் வாங்கினார்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம் அவருடைய மன உறுதி பற்றியது மட்டும் அல்ல. மன உறுதியைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். ஒரு நிறுவனம் கதவைச் சாத்தாமல் வைத்திருந்தது. அதனால் ஒரு மாணவரின் இடைவெளி அவருடைய தோல்வியாக மாறவில்லை. அந்த நான்காண்டு அனுமதி இல்லாமல் போயிருந்தால் அவர் லண்டனில் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்திருக்கும். இன்றைய மாணவருக்கு அப்படி ஒரு அனுமதி எந்த விதியில் இருக்கிறது?

தேசியக் கல்விக் கொள்கை 2020-ஐக் கொண்டுவந்தவர்கள், மாணவர் எங்கு வேண்டுமானாலும் நுழையலாம், வெளியேறலாம், சேர்த்த மதிப்பெண்ணைக் கிரெடிட் வங்கியில் போட்டு வேறு கல்லூரியில் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். 2021-இல் அதற்கு விதிமுறைகளும் வந்தன. மதிப்பெண் நகரும், பணம் நகருமா என்ற கேள்விக்குத்தான் பதில் இல்லை. பணம் நகராத இடத்தில் மதிப்பெண் நகர்வது, கையில் காசு உள்ளவர்களுக்கு மட்டுமே சுதந்திரம்.

ஆய்வுப் படிப்பிலும் இதே கோணல்தான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 பிஎச்.டி. விதிமுறைகளில், திருமணம் அல்லது வேறு காரணங்களால் இடம்பெயரும் பெண் ஆய்வாளர் தன் ஆய்வுத் தரவுகளைப் புதிய நிறுவனத்துக்கு எடுத்துச் செல்லலாம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. நல்ல பிரிவுதான். ஆனால் அதை எழுதியவர்களின் மனதில் முதலில் தோன்றிய காரணத்தைக் கவனியுங்கள். புருஷன் வீட்டுக்குப் போகும் பெண் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தாள். நெறியாளரின் சாதிக் கொடுமையிலிருந்து தப்பிப் போகும் பெண்ணோ ஆணோ பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை.

'தலைமைப் பண்பு' எங்கிருந்து வந்தது?

இனி அந்த இரண்டாவது படிவத்துக்கு வருவோம். தலைமைப் பண்பு என்பது மதிப்பெண்ணைவிட மனிதத்தன்மையுள்ள அளவுகோல் என்று பலர் நம்புகிறார்கள். மதிப்பெண் மட்டும் பார்க்காமல் முழு மனிதரையும் பார்க்கிறார்களே என்று. அதன் வரலாறு அவ்வளவு மனிதத்தன்மையுள்ளதாக இல்லை.

1902-இல் இறந்த செசில் ரோட்ஸ், ஆப்பிரிக்காவைச் சூறையாடிச் சேர்த்த சொத்தில் உருவான உதவித்தொகைக்குத் தன் உயிலில் தகுதிகளை எழுதி வைத்தார். அவற்றில் விளையாட்டில் ஆர்வமும், சக மாணவர்களை வழிநடத்தும் இயல்பும் இருந்தன. அவருடைய மனதில் இருந்தவர்கள் பேரரசை நடத்தப் போகும் வெள்ளை ஆண்கள். அமெரிக்காவில் 1922-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவர் லாரன்ஸ் லோவெல், யூத மாணவர்களின் எண்ணிக்கையை 15 சதவீதத்துக்குள் நிறுத்தப் பார்த்தார். வெளிப்படையான ஒதுக்கீட்டுக்கு எதிர்ப்பு வந்தது. பிறகு அதே வேலையைச் செய்யக் 'குணநலன்', 'ஆளுமை', 'தலைமை' என்ற சொற்கள் வந்தன. தேர்வில் முதலில் வரும் ஏழை யூதப் பையனை மறுக்க மதிப்பெண்ணால் முடியாது, குணநலனால் முடியும். சமூகவியலாளர் ஜெரோம் கராபெல் 2005-இல் வெளியிட்ட நூலில் இந்த வரலாற்றை ஆவணங்களோடு எழுதியிருக்கிறார்.

நமக்கு இது புதிதா? நேர்முகத் தேர்வில் என்ன நடக்கும் என்பது ஒவ்வொரு தலித் ஆய்வாளருக்கும் தெரியும். ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலேயே அப்துல் நாஃபே தலைமையிலான குழு 2016-இல், வாய்மொழித் தேர்வின் மதிப்பெண்ணைக் குறைத்தால் பாகுபாடும் குறையும் என்று சொல்லியிருந்தது. அந்த ஆண்டே வந்த மானியக் குழு விதிமுறை, நேர்முகத் தேர்வையே எல்லாமாக ஆக்கியது. சேலத்திலிருந்து ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கும், திரும்பத் திரும்ப முயன்று பிறகு டெல்லிக்கும் போன முத்துகிருஷ்ணன், ஆய்வுச் சேர்க்கையிலும் வாய்மொழித் தேர்விலும் சமத்துவம் இல்லை என்று எழுதிவிட்டு 2017 மார்ச்சில் இறந்தார். நம் வட்டாரத்திலிருந்து இடம் மாறி இடம் மாறிப் படித்த ஒருவர் எழுதிய கடைசிச் செய்தி அது.

தலைமை என்பதை யார் அடையாளம் காண்கிறார்கள் என்பதுதான் கேள்வி. 2020-இல் கோவை மாவட்டம் சுல்தான்பேட்டை ஒன்றியம் ஜெ.கிருஷ்ணாபுரத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண் ஊராட்சித் தலைவர், தன்னை நாற்காலியில் உட்கார விடவில்லை என்று புகார் கொடுத்தார். அரசமைப்புச் சட்டம் கொடுத்த தலைமைக்கே நாற்காலி இல்லாத மாவட்டத்தில், கல்லூரி மன்றங்களின் செயலாளர் பதவி யாருக்குப் போகும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தப் பதவிதான் நாளைக்கு விண்ணப்பத்தில் 'தலைமை அனுபவம்' என்று எழுதப்படுகிறது.

இன்னும் பின்னால் போய்ப் பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து வந்து கோயம்புத்தூரில் படித்த ஒரு தலித் மாணவர் தன் பள்ளி நாட்களைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கிறார். சுமார் 400 மாணவர்களில் பத்துப் பேர் தவிர மற்ற எல்லோரும் பிராமணர்கள். சாதி தெரிந்துவிடும் என்ற பயத்தில் மணி அடிக்கும் வரை வெளியிலேயே எங்காவது உட்கார்ந்து படிப்பார். மணி அடித்த பிறகு வகுப்புக்குள் போவார். விட்டதும் யாரும் கூட வந்துவிடாதபடி வேகமாக வீட்டுக்கு நடப்பார். யாரோடும் சேர்ந்து விளையாட முடியவில்லையே என்று மனம் வெதும்புவார். அந்தப் பையனிடம் ஒரு தலைமைப் பண்பு உதவித்தொகைப் படிவத்தைக் கொடுத்திருந்தால்? விளையாட்டு: இல்லை. மன்றம்: இல்லை. நண்பர்கள்: இல்லை. பரிந்துரைக்கும் ஆசிரியர்: இல்லை. அவருடைய பெயர் இரட்டைமலை சீனிவாசன். 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கியவர். அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்து நம் அரசியல் உரிமைக்காக வாதாடியவர். எந்தத் தேர்வுக் குழுவும் கோவை வகுப்பறையில் அவரைத் தலைவர் என்று கண்டுபிடித்திருக்காது.

மோசடி செய்தவர்கள் யார்?

விதி கடுமையாக இல்லாவிட்டால் மோசடி நடக்காதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஒரே மாணவர் பெயரில் இரண்டு கல்லூரிகள் பணம் வாங்கினால் அது மக்கள் பணம் திருட்டு. ஆனால் இதுவரை வெளியே வந்த பெரிய மோசடிகளைப் பாருங்கள். இமாச்சலப் பிரதேசத்தில் 2019-இல் சி.பி.ஐ. வழக்குப் பதிவு செய்த, 250 கோடி ரூபாய் அளவிலான உதவித்தொகை ஊழலில் முக்கியமாகக் குற்றம் சாட்டப்பட்டவை தனியார் கல்வி நிறுவனங்கள். மாணவர்களின் பெயரையும் சான்றிதழையும் வைத்துப் பணம் எடுத்ததாகத்தான் வழக்கு. இப்போது வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைக்கப்பட்டிருக்கிறது. விண்ணப்பமெல்லாம் கணினியில் இருக்கிறது. ஒரே ஆள் இரண்டு இடத்தில் வாங்குகிறாரா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். அதைச் செய்யாமல், மாறிப் போகிறவர் மீதே சந்தேகத்தைச் சுமத்துவது சோம்பலான நிர்வாகம்.

இதே சோம்பல் நல்ல திட்டங்களிலும் உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தமிழ்நாடு செய்த அருமையான காரியம். 2022-இல் வந்த புதுமைப் பெண் திட்டமும், 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவை அரசு கலைக் கல்லூரியில் தொடங்கப்பட்ட தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் கொடுக்கின்றன. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது இவற்றின் அடிப்படை நிபந்தனை. கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்தவர்களுக்கு விலக்கு உண்டு. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். கேட்டால் விதி நெகிழும் என்பதற்கு அதுவே சாட்சி. அம்மா மில் வேலைக்காக ஊர் மாறியபோது ஒரே ஒரு வருடம் பக்கத்திலிருந்த சின்னத் தனியார் பள்ளியில் கடன் வாங்கிச் சேர்க்கப்பட்ட பிள்ளைக்கும் நெகிழ வேண்டும் என்று கேட்பது திட்டத்தை எதிர்ப்பதாகாது. திட்டம் யாருக்காக வந்ததோ அவர்களில் ஒருவரும் விடுபடக் கூடாது என்று கேட்பதுதான் அது.

நாம் கேட்க வேண்டியவை

முதலாவது, உதவித்தொகை மாணவருக்குச் சொந்தம், கல்லூரிக்கு அல்ல. அவர் போகும் இடத்துக்கு அது கூடவே போக வேண்டும். 'முன் அனுமதி' என்ற சொல்லை எடுத்துவிட்டுத் 'தகவல் தெரிவித்தால் போதும்' என்று ஆக்க வேண்டும். கொடுத்ததைத் திரும்பக் கேட்கும் அதிகாரம், மாணவரே மோசடி செய்தது நிரூபிக்கப்பட்ட வழக்குகளுக்கு மட்டும் இருக்க வேண்டும்.

இரண்டாவது, சாதிக் கொடுமையாலோ உயிர் அச்சத்தாலோ மாறுகிறவர்களுக்கு ஆண்டின் நடுவிலும் இடமும் விடுதியும் கிடைக்க அரசுக் கல்லூரிகளில் தனி வழி வேண்டும். வருகைப் பதிவில் விழும் இடைவெளி அவர்களுக்கு எதிராகக் கணக்கிடப்படக் கூடாது.

மூன்றாவது, சான்றிதழைப் பிடித்து வைப்பது நிற்க வேண்டும். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இலேயே அறிவித்துவிட்டது. மாற்றுச் சான்றிதழ் என்பது கட்டண பாக்கியை வசூலிக்கும் கருவி இல்லை என்று 2024 ஜூலையில் பள்ளிகள் தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சுயநிதிக் கல்லூரிகளில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களிடம் கட்டாயக் கட்டணம் வசூலிக்கக் கூடாது, அதை அரசே கொடுக்கும் என்று 2012-இல் தமிழ்நாடு அரசு அரசாணை 92 வெளியிட்டது. இவ்வளவும் இருந்தும் டி.சி. வாங்கப் போன மாணவர் கையில் ஒரு பில்லைக் கொடுப்பது இன்றும் நடக்கிறது.

நான்காவது, ஸ்டிரைக் பிரிவு ஒழிய வேண்டும். ரோஹித் வெமுலாவின் ஆய்வுதவித் தொகை ஏழு மாதங்களாக வராமல் நின்றிருந்ததை மறக்கக் கூடாது. போராடுகிற மாணவரின் சோற்றில் கை வைப்பது எந்த நாகரிக நாட்டுக்கும் அழகில்லை.

ஐந்தாவது, தலைமைப் பண்புக்காக உதவித்தொகை கொடுக்கும் பல்கலைக்கழகங்கள் எதைத் தலைமை என்று மதிப்பிடுகின்றன என்பதை மதிப்பெண் விவரத்தோடு வெளியிட வேண்டும். மாறி வந்தவர் ஏன் மாறினார் என்பதை எழுத ஒரு இடமும், கல்லூரிக்கு வெளியே இருப்பவர்களின் பரிந்துரையை ஏற்கும் வழியும் இருக்க வேண்டும்.

விண்ணப்பிக்கப் போகிற தம்பி, தங்கைக்கு

விதி மாறும் வரை காத்திருக்க முடியாது. கடைசித் தேதி வந்துவிடும். கோவையில் ஆய்வு செய்துகொண்டே ஒவ்வொரு ஆண்டும் படிவம் நிரப்ப உட்காரும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். அந்த அனுபவத்தில் சில வார்த்தைகள்.

கல்லூரி மாறும் முன்பே, ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்து மூலம் மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குச் சீல் வாங்கி வையுங்கள். அனுமதி தாமதமானாலும் நீங்கள் கேட்டீர்கள் என்பதற்கு அது ஆதாரம். பழைய கல்லூரியின் பதிவிலிருந்து உங்கள் பெயர் விடுவிக்கப்பட்டுவிட்டதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கலந்தாய்வு வழியாகச் சேருங்கள். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்கிறவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை கிடையாது என்ற விதியைச் சொல்லாமலே சேர்த்துக்கொள்ளும் ஏஜெண்டுகள் உண்டு. சாதி, வருமானம், முதல் பட்டதாரி ஆகிய சான்றிதழ்களின் நகல்களை ஒரே கோப்பில் வைத்திருங்கள்.

தலைமைப் பண்பு உதவித்தொகைக்கு எழுதும்போது மாறி வந்ததை மறைக்காதீர்கள். மறைத்தால் தேதிகளுக்கு நடுவில் ஒரு ஓட்டை தெரியும். அதைப் படிப்பவர் தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்வார். எந்த மாதம் விட்டீர்கள், எந்த மாதம் சேர்ந்தீர்கள், நடுவில் என்ன வேலை செய்தீர்கள் என்று நான்கு வரியில் நேராக எழுதுங்கள். உங்களைக் காயப்படுத்தியவற்றை முழுக்கச் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. நம் துயரத்தைக் காட்டித்தான் இடம் வாங்க வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. எவ்வளவு சொல்வது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

பதவி இல்லையே என்று கலங்காதீர்கள். ஊரில் பத்துப் பிள்ளைகளுக்கு வட்டாட்சியர் அலுவலகம் அலைந்து சாதிச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தீர்களா? அது தலைமை. சாயங்காலம் அம்பேத்கர் படிப்பகத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறீர்களா? அது தலைமை. விடுதியில் சோறு சரியில்லை என்று இருபது பேரிடம் கையெழுத்து வாங்கி வார்டனிடம் கொடுத்தீர்களா? நிச்சயமாக அது தலைமை. எத்தனை பேர், எத்தனை மாதம், அதனால் என்ன மாறியது என்று எண்ணிக்கையோடு எழுதுங்கள். புதிய கல்லூரியில் உங்களை ஆறு மாதமாகத் தெரிந்த ஆசிரியர் ஒருவரிடமும், பழைய இடத்திலோ ஊரிலோ நீண்ட நாள் தெரிந்த ஒருவரிடமும் பரிந்துரை வாங்குங்கள். இரண்டு கடிதமும் சேர்ந்தால் உங்கள் கதையில் இடைவெளி இருக்காது.

இது தனி ஆளாகச் செய்யும் வேலையும் இல்லை. அமைப்புகளில் இருக்கும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். அம்பேத்கர் பிறந்த நாளுக்குப் பேனர் வைக்கும் செலவில் பாதியைப் போட்டு, மே மாதத்திலிருந்து ஆகஸ்ட் வரை ஒவ்வொரு ஒன்றியத்திலும் ஒரு மேசையும் ஒரு லேப்டாப்பும் ஒரு பிரிண்டரும் வைத்து உட்காருங்கள். சேர்க்கைக்கு மட்டும் இல்லை, கல்லூரி மாறுகிறவர்களுக்கும் சேர்த்து. யாருக்கு டி.சி. மறுக்கப்பட்டது, யாருடைய உதவித்தொகை நின்றது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம் என்று ஐந்து மாவட்டங்களின் நோட்டுகளும் ஒன்று சேர்ந்தால், அதை வைத்துத் துறைச் செயலாளரிடம் மனு கொடுக்கலாம், நீதிமன்றத்துக்கும் போகலாம். அந்த நோட்டு இல்லாதவரை ஒவ்வொரு பிள்ளையின் கதையும் தனிப்பட்ட துரதிர்ஷ்டமாகவே முடிந்துபோகும்.